அட்டையில் துளை போட்டு தேசத்தை எண்ணியவர்!

அமெரிக்காவில் 10 வருஷத்துக்கு ஒரு முறை ஜனத்தொகைக் கணக்கு எடுப்பது சட்டம். 1880-ல் எடுத்தபோது ஜனங்கள் 5 கோடி. குமாஸ்தாக்கள் கையால் கூட்டிப் பார்த்து எல்லா விவரமும் வெளியிட 7 வருஷத்துக்கு மேல் ஆயிற்று! இப்படியே போனால் ஒரு கணக்கு முடிவதற்குள் அடுத்த கணக்கு வந்துவிடும்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் ஹெர்மன் ஹாலரித்.

அவர் 1860-ம் ஆண்டு பிப்ரவரி 29-ந் தேதி பப்பலோ நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியில் இருந்து குடியேறியவர்கள். 19 வயதில் பட்டம் பெற்று, ஜனத்தொகைக் கணக்கு இலாகாவில் சேர்ந்தார். இந்த வேலைக்கு ஒரு யந்திரம் வேண்டும் என்று அங்கிருந்த டாக்டர் பில்லிங்ஸ் சொன்னது அவர் மனதில் பதிந்தது.

ரெயில் டிக்கெட்

ஒரு ரெயில் பயணத்தில் வழி பிறந்தது. பயணியின் தலைமயிர், கண், மூக்கு ஆகிய அடையாளங்களைக் கண்டக்டர் டிக்கெட்டில் துளை போட்டுக் குறித்தார். அதை ஹாலரித் கவனித்தார்.

ஆளுக்கு ஓர் அட்டை. வயது, தொழில், பிறந்த நாடு ஒவ்வொன்றுக்கும் ஒரு துளை. அட்டையை யந்திரத்தில் வைத்து அழுத்தினால், துளை உள்ள இடத்தில் மட்டும் ஊசி இறங்கிப் பாதரசத்தைத் தொடும். மின்சாரம் பாயும். கடிகாரம் போன்ற முகப்பில் முள் ஓர் எண் நகரும்.

1889-ல் போட்டி வைத்தார்கள். மற்ற இரு முறைகளில் கூட்டிப் பார்க்க 44 மணி, 55 மணி நேரம் ஆயிற்று. ஹாலரித் யந்திரம் ஐந்தரை மணி நேரத்தில் முடித்தது! 1890 கணக்கில் மொத்த ஜனத்தொகை 6 கோடியே 26 லட்சம் என்று அந்த வருஷமே அறிவித்தார்கள்.

வியாபாரத்தில்

1896-ல் ஹாலரித் சொந்தக் கம்பெனி தொடங்கினார். நியூயார்க் சென்ட்ரல் ரெயில்வே தன் சரக்குக் கணக்குக்கு இந்த யந்திரத்தை வைத்தது. ஆனால் வாடகைத் தகராறில் சர்க்கார் அவரை விட்டு விலகி, சொந்தமாக யந்திரம் செய்துகொண்டது. வழக்குப் போட்டும் பலன் இல்லை. 1911-ல் கம்பெனியை விற்றார். வேறு கம்பெனிகளுடன் இணைந்த அது, 1924-ல் ஐ.பி.எம். என்று பெயர் பெற்றது. 1929 நவம்பர் 17-ந் தேதி வாஷிங்டனில் ஹாலரித் காலமானார்.

இன்று துளை அட்டை இல்லை. எந்த ஊரில், எந்த மாதத்தில், எந்தச் சரக்கு அதிகம் விற்றது என்று கம்ப்யூட்டரைக் கேட்கிறார்கள் வியாபாரிகள். விவரத்தை ஒரு முறை பதிந்து வைத்தால் போதும், எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம். அந்த வழியைத் திறந்துவிட்டவர் ஹாலரித்!