குமாரமங்கலத்து அண்ணனும் தம்பியும்

படைக் கல்லூரியா, பல்கலைக் கழகமா? பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் பிள்ளைக்குப் பட்டாளத்து அதிகாரியாகும் ஆசை இருந்துவிட்டால், அந்த வீட்டில் இந்தக் கேள்வி எழாமல் போகாது. திருவண்ணாமலையை அடுத்து, மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள வேங்கிக்காலில் இக்கேள்வி எழுவதில் வியப்பே இல்லை. பழைய வடஆர்க்காட்டு மண், படைக்கு ஆள் அனுப்பிப் பழகிய மண். சிப்பாயாகச் சென்று, ஹவில்தாராகவும் சுபேதாராகவும் திரும்பிய பெரியவர்கள் இந்தப் பக்கத்தில் உண்டு. பேரன் தோளில் அதிகாரியின் நட்சத்திரம் ஏறவேண்டும் என்று அவர்கள் விரும்புவது இயல்பு. எந்த வழியாக ஏறுவது என்பதில்தான் வழக்கு!

பள்ளி முடிந்ததும் கடக்வாஸ்லாவுக்கு அனுப்பு என்பார் ஒருவர். முதலில் பட்டம் வாங்கட்டும், படையைப் பிறகு பார்க்கலாம் என்பார் மற்றவர். ஒன்று வீரத்தின் வழி, மற்றொன்று அறிவின் வழி என்று தீர்ப்புக் கூறிவிடுவோரும் உண்டு. அந்தத் தீர்ப்பு தவறு என்கிறோம் நாம். அதற்குச் சான்றாக ஒரு தமிழர் வாழ்வை வாசகர் முன் வைக்கிறோம். இந்தியத் தரைப்படைக்குத் தலைமை தாங்கிய முதல் தமிழர், ஜெனரல் பி. பி. குமாரமங்கலம்தான் அவர்.

திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தில் 1913-ஆம் ஆண்டு பிறந்தார். தந்தை டாக்டர் சுப்பராயன், 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்தவர், ஆக்ஸ்போர்டில் படித்தவர். தாய் ராதாபாய் அம்மையாரும் ஆக்ஸ்போர்டில் பயின்றவர். 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டிற்குச் சென்றவர். தாயும் தந்தையும் பல்கலைக் கழகத்தின் வழியே வந்த வீடு அது. அந்த வீட்டின் மூத்த மகன், ஈட்டன் பள்ளிப் படிப்பை முடித்ததும், பல்கலைக் கழகத்தின் பக்கம் திரும்பவில்லை. உல்விச் இராணுவக் கல்லூரிக்குச் சென்றார்.

உல்விச் என்றால் என்ன? குதிரைப் படைக்கும் காலாட் படைக்கும் அதிகாரிகளை ஆக்கித் தந்தது சாண்ட்ஹர்ஸ்ட். பீரங்கிப் படைக்கும் பொறியாளர் படைக்கும் ஆக்கித் தந்தது உல்விச். பீரங்கிக்காரனுக்குத் தோள்வலிமை மட்டும் போதுமா? குண்டு எவ்வளவு தூரம் போகும், காற்று அதை எவ்வளவு விலக்கும், எந்தக் கோணத்தில் குழலை உயர்த்தினால் எங்கே விழும் என்று கணக்குப் போடத் தெரியவேண்டும். கணக்கில் வலுவில்லாதவனுக்கு அங்கே இடமில்லை. படைக் கல்லூரி அறிவுக்கு அப்பாற்பட்ட இடம் என்று எண்ணுவோர் இதைக் கவனிக்கவேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். 1857-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் வெள்ளையர் சர்க்கார் ஒரு பாடம் கற்றுக்கொண்டது. மலைப் பீரங்கி அணிகள் சில நீங்கலாக, பெரிய பீரங்கிகளை இந்தியர் கையில் ஒப்படைக்கக்கூடாது என்பதே அந்தப் பாடம். முக்கால் நூற்றாண்டுக் காலம் அந்த அச்சம் நீடித்தது. 1918-இல் சாண்ட்ஹர்ஸ்டின் கதவைத் திறந்தபோதுகூட, ஆண்டுக்குப் பத்தே இந்தியருக்கு இடம் தந்தார்கள். உல்விச்சின் கதவு அதற்கும் பிறகே திறந்தது. அந்தக் கதவின் வழியே நுழைந்த முதல் சில இந்தியருள் குமாரமங்கலம் ஒருவர். 1933-இல் அதிகாரியானார். 1935-இல் பெங்களூரில் இந்தியரைக் கொண்ட முதல் களப் பீரங்கி அணி அமைந்தபோது, அந்தப் புதிய மரபின் தொடக்கத்திலேயே அவர் இருந்தார்.

அண்ணன் கதை இது. தம்பி மோகன் குமாரமங்கலம் என்ன செய்தார்? அவரும் ஈட்டனில்தான் படித்தார். ஆனால் அங்கிருந்து கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்திற்குச் சென்றார். மாணவர் சங்கத் தலைவரானார், பாரிஸ்டரானார், பொதுவுடைமைக் கட்சிக்காரராகவும் ஆகித் தாயகம் திரும்பினார். ஒரே வீடு, ஒரே பள்ளி. அண்ணன் அரசரின் படையில், தம்பி அந்த அரசரின் ஆட்சியை எதிர்க்கும் அணியில்!

பிறகு நடந்ததை விதியின் விளையாட்டு என்பதா, வரலாற்றின் குறும்பு என்பதா? 1941-இல் சென்னைச் சதி வழக்கில் தம்பியைப் பிடித்துச் சிறையில் அடைத்தது வெள்ளையர் சர்க்கார். 1942 மே மாத இறுதியில், லிபியப் பாலைவனத்தில் பீர் ஹக்கீமுக்கு அருகே, இந்திய மோட்டார் பிரிகேடு ஒன்றின்மீது பகைவரின் டாங்கிகள் பாய்ந்தன. அங்கே பீரங்கி அணி ஒன்றுக்குத் தலைமை தாங்கி நின்றவர் அண்ணன். அந்த வீரத்திற்காக டி.எஸ்.ஓ. விருது கிடைத்தது, ஆனால் அணி வீழ்ந்தது, அவர் கைதியானார். இத்தாலியிலும் பின்னர் ஜெர்மனியிலும் போர்க் கைதியாக இருந்தார். தம்பி சர்க்காரின் சிறையைக் கண்டார். அண்ணன் அதே சர்க்காரின் பகைவருடைய சிறையைக் கண்டார். படைக் கல்லூரிக்குப் போனவர்தான் துணிந்தவர், பல்கலைக் கழகத்திற்குப் போனவர் சுகவாசி என்று சொல்ல இனி யாருக்கு நா எழும்?

விடுதலைக்குப் பின் அண்ணன் படிப்படியாக உயர்ந்தார். 1963-இல் கிழக்குப் பிராந்தியத் தளபதி. 1965-இல், பாகிஸ்தானுடன் போர் மூண்ட ஆண்டில், தரைப்படையின் துணைத் தலைவர். 1966 ஜூன் முதல் 1969 ஜூன் வரை தலைமைத் தளபதி. 1967-இல் நாதுலா, சோலா கணவாய்களில் சீனருடன் மோதல் நிகழ்ந்தபோது, தலைமையில் இருந்தவர் அவரே. அரசரிடம் நியமனம் பெற்ற பழைய வரிசையிலிருந்து வந்த கடைசித் தலைமைத் தளபதியும் அவரே. அவர் தலைமைத் தளபதியான அதே 1966-இல் தம்பி சென்னை மாநிலத்தின் அட்வகேட் ஜெனரலானார். பின்னர் மத்திய மந்திரியாகி, 1973-இல் விமான விபத்தில் மறைந்தார். அண்ணன் 2000-ஆம் ஆண்டில் மறைந்தார். இருவருள் யார் நாட்டுக்கு அதிகம் செய்தார் என்று தராசு பிடிக்க நாம் தயாராக இல்லை. இருவரும் தாம் நுழைந்த வாசலுக்குப் பெருமை சேர்த்தார்கள் என்றே சொல்கிறோம்.

அந்த வீட்டில் ஒரு தங்கையும் இருந்தார். பார்வதி கிருஷ்ணன் என்று கோவைத் தொழிலாளர் அறிந்த அவர், ஆக்ஸ்போர்டில் படித்தவர். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். உல்விச்சா, ஆக்ஸ்போர்டா என்ற கேள்வி அவருக்கு எழவே இல்லை. பெண்ணுக்குப் படைக் கல்லூரியின் கதவு அன்று கிடையாது. கடக்வாஸ்லா அகாடமிகூட 2022-இல்தான் பெண்களைச் சேர்த்தது. அந்த முதல் அணி பயிற்சி முடித்து வெளிவந்தது 2025 மே மாதத்தில்.

இங்கேதான் நாம் சொல்ல வந்தது இருக்கிறது. குமாரமங்கலத்து அண்ணனும் தம்பியும் இரண்டு வாசல்களுள் ஒன்றைத் தேர்ந்தார்கள். தேர்வதற்கு இரண்டு வாசல்கள் அவர்களுக்கு இருந்தன! ஜமீன் இருந்தது, சீமைக்கு அனுப்பும் வசதி இருந்தது, கட்டணம் கட்டத் தந்தை இருந்தார். அதே காலத்தில் வடஆர்க்காட்டு உழவனின் மகனுக்கு என்ன இருந்தது? சிப்பாயாகும் வாசல் ஒன்றுதான். அவனிடம் அறிவில்லையா, வீரமில்லையா? வசதி இல்லை, அவ்வளவே.

இன்று நிலைமை வேறு. 1954-இல் கடக்வாஸ்லாவுக்கு வந்த தேசியப் பாதுகாப்பு அகாடமியில் பயிற்சிச் செலவை அரசே ஏற்கிறது. பதினாறரை வயது முதல் பத்தொன்பதரை வயது வரை உள்ளவர்கள் தேர்வு எழுதலாம். மூன்றாண்டுப் பயிற்சியின் முடிவில் பட்டமும் உண்டு. கல்லூரிப் பட்டம் பெற்றபின் வருவோருக்கு டேராடூன் இருக்கிறது. சென்னைப் பரங்கிமலையில் 1963-இல் தொடங்கிய அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. கரியப்பா சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர். அங்கிருந்து இந்தூர் படைப் பள்ளிக்குச் சென்று 1919-இல் அதிகாரியானார், 1949-இல் முதல் இந்தியத் தலைமைத் தளபதியானார். பல்கலைக் கழகத்தில் நுழைந்தவனுக்குப் படையின் கதவு சாத்திவிடுவதில்லை.

ஆகவே பெற்றோருக்கு நாம் சொல்வது இதுதான். பதினாறு வயதில் பிள்ளையின் மனம் படையில் உறுதியாக நின்றால், பட்டம் போய்விடுமே என்று தடுக்காதீர்கள். படிப்பு அங்கேயும் உண்டு. மனம் இன்னும் உறுதிப்படவில்லை என்றால், கௌரவத்திற்காகவோ, செலவு மிச்சம் என்பதற்காகவோ பிடித்துத் தள்ளாதீர்கள். இருபத்தோரு வயதில் தானே நடந்து வந்து கதவைத் தட்டுபவனும் முழு அதிகாரியே. பெண் பிள்ளை கேட்டால் அவளுக்கும் இதே பதிலைச் சொல்லுங்கள்.

அரசுக்கும் சொல்கிறோம். கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது; அது இருக்கும் இடம் தெரியவேண்டும். எழுத்துத் தேர்வுக்குப் பின் ஐந்து நாள் நடக்கும் ஆளுமைத் தேர்வைப் பற்றிக் கேள்விப்படாமலேயே பள்ளியை விட்டு வெளியேறும் கிராமத்துப் பிள்ளைகள் எத்தனை பேர்! அரசுப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பிலேயே இரண்டு வழிகளையும் எடுத்துச் சொல்லவேண்டும். ஜமீன் வீட்டுப் பிள்ளைகளுக்கு அன்று கிடைத்த அந்தத் தேர்வு உரிமை, ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் காலத்தில் கிடைக்கவேண்டும். சீமைக்குக் கப்பலேறத் தேவையில்லாத இந்தக் காலத்தில், செய்தி எட்டாத காரணத்தால் ஒரு பிள்ளை வாய்ப்பை இழந்தால், அந்தக் குற்றம் பிள்ளையுடையது ஆகாது.