மோட்டாபென்

நம் அண்டை வீட்டுக் குஜராத்தி மக்கள், பெண்களின் பெயரோடு ‘பென்’ எனச் சேர்த்து அழைப்பதைக் கேட்டிருப்பீர்கள். பென் என்றால் சகோதரி. அகமதாபாத் பஞ்சாலைத் தொழிலாளர்கள் மோட்டாபென், அதாவது பெரியக்கா என அழைத்தவர் அனசூயா சாராபாய்.

1885ஆம் ஆண்டு செல்வம் மிக்க சமணக் குடும்பத்தில் பிறந்த அனசூயா, ஒன்பது வயதில் பெற்றோரை இழந்தார். பதின்மூன்றாம் வயதில் நடந்த திருமணம் நிலைக்கவில்லை. தம்பி அம்பாலாலின் துணையால் 1912இல் இங்கிலாந்து சென்றார். மருத்துவக் கல்வியில் விலங்குகளை அறுத்துப் பயில வேண்டியிருந்தமையால் அதனைக் கைவிட்டார். இலண்டனில் பேபியன் சமவுடைமைக் கருத்துகளும் பெண்களின் வாக்குரிமைப் போராட்டமும் அவர் உள்ளத்தை ஈர்த்தன.

நாடு திரும்பித் தொழிலாளர் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார். ஒரு நாள் காலை, பெண்தொழிலாளர் சிலர் மயங்கியவர்போல் நடந்து வரக் கண்டு வினவினார். முப்பத்தாறு மணி நேரம் இடைவிடாது உழைத்துத் திரும்புவதாக அவர்கள் கூறினர். அன்றே அவர் வாழ்வின் திசை மாறியது.

1917இல் கொள்ளைநோய் பரவியபோது தொழிலாளர் ஊரை விட்டு ஓடாதிருக்க ஆலைகள் மிகையூதியம் அளித்தன. நோய் தணிந்ததும் அதனை நிறுத்தின. போர்க்காலமாதலால் விலைவாசியோ தணியவில்லை. தொழிலாளர் 35 விழுக்காடு உயர்வு கேட்டனர்; முதலாளிகள் 20 விழுக்காட்டுக்கு மேல் இசையவில்லை. 1918 பிப்ரவரியில் ஆலைகளின் கதவுகள் மூடப்பட்டன. முதலாளிகளின் தலைவர் யார் தெரியுமா? அம்பாலால்தான்! தம்மைப் படிக்க அனுப்பிய தம்பியை எதிர்த்து நிற்க அந்த அக்காவின் உள்ளம் எத்துணை வருந்தியிருக்கும்! ஆயினும் அவர் பின்வாங்கவில்லை. சபர்மதி ஆற்றங்கரையில் கருவேல மரத்தடியில் நாள்தோறும் தொழிலாளர் கூடினர். அனசூயாவின் பெயரில் துண்டறிக்கைகள் வெளிவந்தன. பசியால் தொழிலாளர் தளர்ந்தபோது காந்தியடிகள் உண்ணாநோன்பு மேற்கொண்டார். நான்காம் நாள் உடன்பாடு ஏற்பட்டது. பின்னர் நடுவர் 35 விழுக்காடே தகும் எனத் தீர்ப்பளித்தார். அதே ஆண்டு ஏப்ரலில் சென்னையிலும் தொழிற்சங்கம் பிறந்தது; அதனை வளர்த்த திரு.வி.க.வை நீங்கள் அறிவீர்கள்.

1920இல் மஜூர் மகாஜன் சங்கம் நிறுவப்பட்டபோது அனசூயா அதன் தலைவரானார். அக்காவும் தம்பியும் உறவை முறித்துக்கொள்ளவில்லை. விண்வெளி அறிஞர் விக்ரம் சாராபாய் அந்தத் தம்பியின் மகனே.

1972இல் அனசூயா மறைந்தார். அதே ஆண்டில், அச்சங்கத்தின் மகளிர் பிரிவிலிருந்து ‘சேவா’ என்னும் பெண்தொழிலாளர் சங்கம் தோன்றியது. தலைச்சுமை தூக்குவோரும் பழந்துணி விற்போரும் அதில் முதலில் இணைந்தனர்.