விட்டுக்கொடுத்த வீரர்

கார்ப் பந்தய வீரர் பீட்டர் காலின்ஸ் 1931-இல் இங்கிலாந்தின் கிடர்மின்ஸ்டர் நகரில் பிறந்தார். 1956-இல் இத்தாலியின் ஃபெராரி அணியில் சேர்ந்தார். மும்முறை உலகப் பட்டம் வென்ற அர்ஜென்டினா வீரர் ஃபாஞ்சியோவே அவ்வணியின் முதல்வர். புதியவரான காலின்ஸ் அவ்வாண்டே பெல்ஜியம், பிரான்சு பந்தயங்களில் வென்று பட்டத்தை நெருங்கினார்.

இறுதிப் பந்தயம் இத்தாலியில் மான்சாவில் நடந்தது. ஃபாஞ்சியோவின் கார் பழுதுற்றது. ஒரே காரை இருவர் மாறி ஓட்ட அக்கால விதி இடமளித்தது. பந்தயத்தின் நடுவே வந்து நின்ற காலின்ஸ், தம் வாய்ப்பைத் துறந்து தம் காரையே மூத்தவரிடம் ஒப்படைத்தார். அதில் இரண்டாவதாக வந்த ஃபாஞ்சியோ நான்காம் பட்டம் சூடினார்.

தமக்கு வயது இருக்கிறது என்று காலின்ஸ் எண்ணினார். அப்போது அவருக்கு 24 வயது. ஆனால் 1958 ஆகஸ்டு 3-இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத்தில் விபத்துக்குள்ளாகி மறைந்தார். பட்டம் பெற்றோர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. எனினும் அவரது பெருந்தன்மையைப் பந்தய உலகம் மறக்கவில்லை.