நாங்கள் நடந்த ரோடும் திவான் ஸர் சி.பி.யும்

சென்ற முறை நம் குடும்ப சங்கமத்தில் ஒரு சிறுமி என்னிடம், ஸர் சி.பி. நல்லவரா கெட்டவரா என்று கேட்டாள். அப்போது சிரித்து மழுப்பிவிட்டேன். அது மனத்தை உறுத்திக் கொண்டே இருந்ததால் இதை எழுதுகிறேன்.

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்கு நான் பள்ளிக்குப் போனது, திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் சிமெண்ட் ரோடில். அது ஸர் சி.பி. திவானாக இருந்த காலத்தில் போட்டது என்று தாத்தா பெருமையாகச் சொல்வார். ஆனால் நெய்யாற்றின்கரை துப்பாக்கிச்சூடு பற்றிக் கேட்டால் மட்டும் வெற்றிலைச் செல்லத்தை இழுத்து வைத்துக்கொண்டு மௌனமாகிவிடுவார்.

சி.பி. ராமஸ்வாமி ஐயர் 1879 நவம்பர் 12 அன்று வந்தவாசியில் பிறந்தார். தந்தை பட்டாபிராமய்யர் நீதிபதி. சென்னையில் சட்டம் படித்து, இளவயதிலேயே வக்கீல் தொழிலில் கொடிகட்டிப் பறந்தார். ஜே. கிருஷ்ணமூர்த்தியின் தந்தை நாராயணய்யாவுக்காக அன்னி பெசண்ட் அம்மையாரை எதிர்த்து வழக்காடியவர், பின்னர் அதே அம்மையாரின் ஹோம் ரூல் இயக்கத்தில் முன்னணியில் நின்றார். 1920-ல் சென்னை மாகாண அட்வகேட் ஜெனரல். 1923 முதல் 1928 வரை கவர்னரின் நிர்வாக சபையில் சட்ட அங்கத்தினர். மேட்டூர் அணை, பைக்காரா மின்திட்டம் ஆகியவற்றில் அவர் காட்டிய முனைப்பைத் தமிழ்நாடு மறக்கவில்லை.

1931-ல் திருவிதாங்கூர் மஹாராஜாவின் சட்ட ஆலோசகராக வந்த அவர், 1936 அக்டோபரில் திவானானார். அடுத்த மாதமே, நவம்பர் 12 அன்று, ஸ்ரீ சித்திரைத் திருநாள் மஹாராஜா ஆலயப் பிரவேச விளம்பரத்தை வெளியிட்டார். அதுவரை கோயில் வீதியில் ஒதுங்கி நின்றவர்கள் சந்நிதிக்குள் வந்தார்கள். நம் கிராமத்துப் பெரியவர்கள் பலருக்கு அது எளிதில் ஜீரணமாகவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1937-ல் திருவிதாங்கூர் சர்வகலாசாலை, 1938-ல் அரசு பஸ் போக்குவரத்து, 1940-ல் பள்ளிவாசல் மின்சாரம், 1943-ல் ஆலுவாயில் உரத் தொழிற்சாலைக்கு அஸ்திவாரம், 1944-ல் மரணதண்டனை ஒழிப்பு என்று அடுத்தடுத்து நடந்தன.

இனி மறுபக்கம். 1938-ல் ஸ்டேட் காங்கிரஸ் பொறுப்பாட்சி கேட்டுப் போராட்டம் தொடங்கியது. தலைவர்கள் ஒவ்வொருவராகக் கைதானார்கள். ஆகஸ்ட் 31 அன்று நெய்யாற்றின்கரையில் என்.கே. பத்மநாப பிள்ளையைக் கைது செய்தபோது ஜனங்கள் திரண்டனர். துப்பாக்கிச்சூட்டில் பலர் மடிந்தார்கள். அவர்களில் ராகவனை வீர ராகவன் என்று ஊர் இன்றும் நினைக்கிறது. சாலை போட்ட கைகளே அந்த ஊரில் ரத்தமும் சிந்த வைத்தன. தாத்தாவின் மௌனத்துக்கு அர்த்தம் அதுதான் என்று வளர்ந்தபின் புரிந்துகொண்டேன்.

1946-ல் அவர் ஓர் அரசியல் திட்டம் கொண்டுவந்தார். அமெரிக்க மாதிரி என்று அதற்குப் பெயர். அமெரிக்காவில் ஒரு மாகாண கவர்னரை சட்டசபை நினைத்த மாத்திரத்தில் வெளியேற்ற முடியாது. ஆனால் அந்த கவர்னரை ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். இங்கோ நீக்க முடியாத திவான் இருப்பார், ஆனால் ஓட்டுப் போட்டு வந்தவராக இருக்கமாட்டார். அந்த வித்தியாசத்தை சாதாரண ஜனங்களும் கண்டுகொண்டார்கள். அவ்வருஷம் அக்டோபரில் புன்னப்ராவிலும் வயலாரிலும் பட்டாளத்தின் தோட்டாக்களுக்கு ஏராளமானோர் இரையானார்கள்.

1947 ஜூனில், திருவிதாங்கூர் இந்தியாவில் சேராமல் தனி நாடாக இருக்கும் என்று அறிவித்தார். ஜூலை 25 இரவு, திருவனந்தபுரத்தில் சங்கீதக் கச்சேரி கேட்டுவிட்டுக் கிளம்பியவரை கே.சி.எஸ். மணி வெட்டினார். மணி அம்பலப்புழையில் நம் சமூகக் குடும்பத்தில் பிறந்தவர். ஆகவே, ஸர் சி.பி.யைக் குறை சொல்வது நம்மவர்களைக் குறை சொல்வதாகும் என்று யாராவது வாதித்தால், வெட்டியவரும் நம்மவர்தான் என்பதை நினைவூட்டுவேன். முகத்தில் காயத்துடன் உயிர் தப்பிய திவான் சில நாட்களில் மனம் மாறினார். மஹாராஜா இந்திய யூனியனில் சேர இசைந்தார். ஆகஸ்டில் ஸர் சி.பி. பதவியை விட்டு ஊரை விட்டே போனார்.

பிற்பாடு காசி ஹிந்து சர்வகலாசாலைக்கும் அண்ணாமலை சர்வகலாசாலைக்கும் துணைவேந்தராக இருந்து, 1966 செப்டம்பர் 26 அன்று லண்டனில் காலமானார்.

குழந்தாய், உன் கேள்விக்கு என் பதில் இதுதான்: அவர் மகா கெட்டிக்காரர். ஜனங்களுக்கு எது நல்லது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதை ஜனங்களிடமே கேட்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. அடுத்த முறை அந்த ரோடில் போகும்போது போட்டவரையும் நினை, நெய்யாற்றின்கரையில் விழுந்தவர்களையும் நினை. தாத்தா சொல்லாமல் விட்டதை நான் சொல்லிவிட்டேன்.