நாதஸ்வரத்துக்கு மேடை கேட்ட மேதை: திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை

லம்பா லைன் (அந்தமான்), டிச.12:

கடல் கடந்து குடியேறிய தமிழர்கள், சென்ற இடங்களிலெல்லாம் கோயில் எழுப்பினர். கோயில் எழுந்த இடத்தில் திருவிழா வந்தது. திருவிழாவுடன் மேளமும் நாதஸ்வரமும் வந்தன. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிகோபார் தீவுகளில் ஏறத்தாழ 15 சதவீதத்தினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டுள்ள போர்ட் பிளேரின் வெற்றிமலை முருகன் கோயிலில் பங்குனி உத்திரம் பெருவிழாவாகக் கொண்டாடப்படுகிறது. லம்பா லைன் உள்ளிட்ட நகரப் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த நாளின் ஓசை, தாயகத்தின் ஓசை.

அந்த ஓசையை எழுப்பும் கலைஞர் இன்று மேடையில் அமர்ந்து வாசிக்கிறார். தமக்குரிய சன்மானத்தைத் தாமே பேசுகிறார். விரும்பிய உடையை உடுத்துகிறார். இவை எல்லாக் காலத்திலும் இருந்த உரிமைகள் அல்ல. இவற்றுக்காகத் தம் வாழ்நாள் முழுதும் போராடியவர்களுள் முதன்மையானவர் நாதஸ்வர சக்கரவர்த்தி திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. இன்று அவரது நினைவு நாள்.

பாட்டில் தொடங்கிய பயிற்சி

ராஜரத்தினம் பிள்ளை 1898ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27ஆம் நாள், அன்றைய தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த திருமருகலில் பிறந்தார். தந்தை குப்புசாமி பிள்ளை, தாய் கோவிந்தம்மாள். பெற்றோர் இட்ட பெயர் பாலசுப்பிரமணியம். திருவாவடுதுறை ஆதீனத்தில் நாதஸ்வரம் வாசித்துவந்த தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளையின் ஆதரவில் வளர்ந்தார். டி.என். என்ற முன்னெழுத்துகளில் இரண்டாவது, அந்தத் தாய்மாமனின் பெயரைக் குறிப்பது.

இளமையில் அவர் கற்றது வாய்ப்பாட்டு. வயலின் மேதை திருக்கோடிகாவல் கிருஷ்ணய்யரிடம் இசை பயின்றார். இந்தப் பயிற்சியே பின்னாளில் அவரது வாசிப்பின் அடித்தளமாயிற்று. பாடகர் ஒருவர் மூச்சை அடக்கியும் விரித்தும் ராகத்தை வளர்ப்பதைப் போலவே அவர் குழலில் வளர்த்தார். கேட்டவர்கள் கருவியை மறந்து குரலைக் கேட்டதாக உணர்ந்தனர். பின்னர் ஆதீனத்தின் ஆஸ்தான வித்துவானாக விளங்கினார். ஊரின் பெயரே அவர் பெயருக்கு முன்னொட்டாக நிலைத்தது.

திருவிழாவை நம்பிய வாழ்வு

அக்காலத்து நாதஸ்வரக் கலைஞரின் வாழ்வைப் புரிந்துகொண்டால்தான் பிள்ளையின் போராட்டம் விளங்கும். கோயிலில் முறை வைத்து வாசிப்பவர்களுக்குச் சிறு மானியமோ நெல்லோ கிடைக்கும். அதற்கு ஈடாகக் காலை முதல் இரவு வரை பூசைக் காலங்களில் வாசிக்க வேண்டும். சுவாமி புறப்பாட்டின்போது மல்லாரி தொடங்கி, நான்கு வீதிகளிலும் நடந்துகொண்டும் நின்றுகொண்டும் வாசித்து, விடியும் வேளையில் சுவாமியைக் கோயிலுக்குள் கொண்டு சேர்ப்பது வழக்கம்.

கோயில் பணிக்கு வெளியே வருவாய் என்பது திருமணங்களும் பிற ஊர்த் திருவிழாக்களும்தான். தை முதல் வைகாசி வரை ஓய்வின்றி ஊர் ஊராய்ச் செல்ல வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் திருமணங்கள் இல்லை, வருவாயும் சுருங்கும். கிடைத்த தொகையை உடன் வாசிப்பவர், தவில் கலைஞர்கள், ஒத்து ஊதுபவர், தாளம் போடுபவர் என அனைவருக்கும் பகிர்ந்தளிக்க வேண்டும்.

இத்தனைக்கும் மேலாக மரியாதைக் குறைவு இருந்தது. மங்கல இசை என்று போற்றப்பட்ட கலையை வாசித்தவர்கள், பெரியவர்களின் முன்னிலையில் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. பாடகருக்கும் வயலின் கலைஞருக்கும் விரிக்கப்பட்ட மேடை, நாதஸ்வரக் கலைஞருக்கு எளிதில் கிடைக்கவில்லை. சாதிப் படிநிலையே இதற்குக் காரணம்.

உடையிலும் மேடையிலும் எதிர்ப்பு

ராஜரத்தினம் பிள்ளை இந்த வழக்கத்துக்குப் பணிய மறுத்தார். தலைமுடியைக் கிராப்பாக வெட்டிக்கொண்டார். சட்டையும் கோட்டும் அணிந்தார். காதில் வைரக் கடுக்கன் மின்ன, கச்சேரிகளுக்கு வந்தார். சிலர் இதை ஆடம்பரம் என்றனர். சிலர் செருக்கு என்றனர். தாம் ஒரு வித்துவான், ஏவலர் அல்லர் என்பதைச் சொல்லாமல் சொல்லும் வழியாக அந்தத் தோற்றம் அமைந்தது.

மேடையில் அமர்ந்தே வாசிப்பேன் என்பதில் அவர் உறுதியாக நின்றார். ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவைச் சுருதிக்கு வைத்துக்கொண்டார். சன்மானத்தைப் பொறுத்தவரை, பெரிய பாடகர்களுக்குக் குறையாத தொகையைத் தயங்காது கேட்டார். அழைத்தவர்கள் எரிச்சலடைந்தனர், ஆயினும் அவரையே மீண்டும் அழைத்தனர். அவரது வாசிப்பைக் கேட்க மக்கள் பல கல் தொலைவிலிருந்து மாட்டுவண்டிகளில் வந்து, இரவு முழுதும் கலையாமல் இருந்தனர்.

தவில் மேதை நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருடன் வாசித்த நாட்கள் இசை ரசிகர்களால் நீண்ட காலம் பேசப்பட்டன. தமிழகத்தின் கோயில் நகரங்களைக் கடந்து, இலங்கைத் தமிழரிடையேயும் அவரது புகழ் பரவியது.

கருவியே மாறியது

அதுவரை பெரிதும் புழங்கிய திமிரி வகை நாதஸ்வரம் நீளம் குறைந்தது, சுருதி உயர்ந்தது. திறந்த வீதியில் தொலைதூரம் கேட்க அது ஏற்றது. நிதானமான ராக ஆலாபனைக்கும் அரங்கக் கச்சேரிக்கும் தாழ்ந்த சுருதி தேவைப்பட்டது. கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையே உள்ள நரசிங்கம்பேட்டையைச் சேர்ந்த கருவிக் கலைஞர் ரங்கநாத ஆச்சாரியுடன் இணைந்து, நீண்ட பாரி நாதஸ்வரம் செம்மை பெறப் பிள்ளை காரணமானார். சுத்த மத்தியமம் அதில் இயல்பாகப் பேசியது. இன்று கச்சேரி மேடைகளில் பெரும்பாலும் ஒலிப்பது பாரியே. ஆச்சா மரத்தில் கடையப்படும் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் கிடைத்தது.

தோடியும் திரையும் தலைநகரும்

தோடி ராகம் என்றால் ராஜரத்தினம் பிள்ளை என்னும் அளவுக்கு அந்த ராகம் அவருக்கு உரிமையாயிற்று. கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட அவரது தோடி இசைத்தட்டு, திருமண வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் ஒலித்தது. கோயில் வாசலுக்கு வர இயலாதவர்களும், வர அனுமதிக்கப்படாதவர்களும் அந்த இசையைக் கேட்க இசைத்தட்டும் வானொலியும் வழி செய்தன. 1940ஆம் ஆண்டு எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் வெளிவந்த திரைப்படத்தில் கவி காளமேகமாக நடித்தார்.

1947 ஆகஸ்ட் 14ஆம் நாள், நாடு விடுதலை பெறும் வேளையில், திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் செங்கோலுடன் டெல்லி சென்ற குழுவினருடன் அவரும் சென்று நாதஸ்வரம் வாசித்தார். வீதியில் நின்று வாசிக்கப் பணிக்கப்பட்ட ஒரு கலையின் ஓசை, புதிய தேசத்தின் முதல் நாளில் தலைநகரில் ஒலித்தது.

சுதந்திரத்தின் விலை

அவரது வாழ்வில் நிழலும் உண்டு. ஈட்டியதை எண்ணாமல் செலவிட்டார். ஒப்புக்கொண்ட கச்சேரிகளுக்குச் சென்று சேராத நாட்களும் உண்டு. மதுப் பழக்கம் உடலை வருத்தியது. மானியத்தையும் முறையையும் மட்டும் நம்பியிராமல் தம் மூச்சை நம்பி வாழ்ந்த கலைஞருக்கு ஓய்வூதியம் இல்லை. மூச்சு தளர்ந்தால் வருவாய் நின்றுவிடும். 1956ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் சென்னையில் தமது 58ஆம் வயதில் அவர் காலமானபோது, ஈட்டிய பெரும்பொருளில் எஞ்சியது சிறிதே.

எனினும் அவர் விட்டுச்சென்ற செல்வம் வேறு. அவரிடம் பயின்ற காருகுறிச்சி அருணாசலம், குருவின் பாணியை ஏற்றுத் தமிழகமெங்கும் புகழ்பெற்றார். பின்வந்த தலைமுறையினர் மேடையில் அமர்வதற்கு யாரிடமும் வாதாட வேண்டியிருக்கவில்லை. இந்திய அஞ்சல் துறை அவரது உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது. சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் அவர் பெயரில் கலை அரங்கம் ஒன்று நிற்கிறது. மேடை மறுக்கப்பட்டவரின் பெயரிலேயே ஒரு மேடை அமைந்தது.

திருவிழாக் காலத்தை எதிர்பார்த்துக் கருவியுடன் ஊர் ஊராய்ச் செல்லும் கலைஞர்கள் இன்றும் உள்ளனர். விழா இல்லாத மாதங்களில் அவர்களது அடுப்பு எவ்வாறு எரிகிறது என்ற கேள்வி, பிள்ளையின் காலத்தைப் போலவே இன்றும் விடை தேடி நிற்கிறது. மரியாதையை அவர் பெற்றுத் தந்தார். நிலையான வாழ்வாதாரத்தைப் பெற்றுத் தரும் பொறுப்பு, அவர்களை அழைத்து வாசிக்கச் சொல்லும் விழாக் குழுக்களுக்கும் அரசுகளுக்கும் ரசிகர்களுக்கும் உரியது. அடுத்த பங்குனி உத்திரத்தில் தீவின் வீதியிலோ தஞ்சையின் தேர்வீதியிலோ மல்லாரி ஒலிக்கும்போது, சற்று நின்று கேட்பதும், வாசித்தவருக்கு உரிய சன்மானம் குறையாமல் சேர்வதை உறுதி செய்வதும் ராஜரத்தினம் பிள்ளைக்குச் செய்யும் சிறந்த அஞ்சலியாகும்.