சீகன்பால்கு ஐயரின் நூலட்டவணை

ஒரு பொருளை ஆராய்ந்து நூல் எழுதப் புகுவோர், அப்பொருள்பற்றிய முன்னோர் நூல்களைத் தேடித் தொகுத்து, ஒவ்வொன்றின் இயல்பையும் சுருங்கக் குறித்துவைத்தல் முதற்கண் செய்யற்பாலதாம். தமிழ்ச் சுவடிகளின்பால் இப்பணியை முற்பட மேற்கொண்ட ஐரோப்பியருள் ஒருவர் சீகன்பால்கு ஐயர். அவர் சைவரல்லர், நம்மவர் சமயத்தை மறுத்துத் தம் சமயத்தை நிறுவுதற்கு வந்தவர். ஆயினும் அவர் சரிதம் ஆராய்ச்சியாளர் அறியத்தக்கதாதலின் ஈண்டுச் சுருக்கி உரைக்கின்றாம்.

இவர் 1682ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்துச் சாக்ஸனி நாட்டிலே புல்ஸ்நிட்சு என்னும் ஊரிற் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தார், உடல்வலியும் குறைந்தவர். ஹாலே நகரிற் பயின்றபின், டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரடெரிக்கு அனுப்ப, 1706ஆம் ஆண்டு ஜூலை மாதம் தரங்கம்பாடியை அடைந்தார். ஆண்டுப் பள்ளிச் சிறாரோடு ஒக்க இருந்து மணலில் எழுதித் தமிழ் நெடுங்கணக்குக் கற்றார். வந்தவர் குருவாக அமரவில்லை, மாணாக்கராக அமர்ந்தார்.

பின்னர் ஏடு தேடலாயினார். எழுதவல்லாரை அமர்த்திப் படியெடுப்பித்தார். உள்நாட்டூர்களுக்கு ஆள்விடுத்து, இறந்த அந்தணரின் மனைவியரிடத்துச் சுவடிகளை விலைக்குப் பெற்றார். 1708ஆம் ஆண்டில், வந்து ஈராண்டே கழிந்த நிலையில், தம்மிடத்திருந்தவற்றிற்கு ஓர் அட்டவணை வகுத்தார். கிறித்தவ நூல்களையும் மகமதிய நூல்களையும் வேறு பிரித்து நிறுத்தி, ஏனைத் தமிழ் நூல்களாக 119 குறித்தார். திருக்குறளும் சிவவாக்கியமும் அவற்றுள் அடங்கும். வெறும் பெயர் எழுதி அமைந்தாரல்லர். நூல் நுவலும் பொருள் யாது, பள்ளியில் ஓதப்படுவதோ, உணர்தற்கு எளிதோ அரிதோ என்றின்னோரன்னவற்றையும் தம் மொழியிற் குறித்தார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி என்னும் மூன்றனையும் அவ்வாண்டிலேயே ஜெர்மானியத்திற் பெயர்த்தார்.

அவ்வாண்டிறுதியில், தரங்கம்பாடி அதிகாரியோடு நேர்ந்த பிணக்கினால் நான்கு திங்கள் சிறையிருந்தார். வெளிவந்தும் முயற்சி தளர்ந்திலர். தொகுத்த சுவடிகளையும் தமிழறிஞர் எழுதிய மடல்களையும் துணைக்கொண்டு, 1713ஆம் ஆண்டில் தமிழர் வழிபடு தெய்வங்களைப் பற்றிப் பெருநூலொன்று முடித்தார். ஹாலேயிலிருந்த அவர் தலைவர்கள் அதனை அச்சிட விரும்பிலர். அந்நூல் 1867ஆம் ஆண்டிற் சென்னையிலும், அட்டவணை 1880ஆம் ஆண்டில் ஜெர்மனியிலும் அச்சேறின. இவற்றைக் காணாமலே 1719ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், தம் முப்பத்தாறாம் வயதில், அவர் தரங்கம்பாடியிற் காலமாயினார்.

அவர் குறிப்புக்களிற் பிழையும் உள. தம் சமயச் சார்பும் உளது. அவற்றை நாம் ஏற்கவேண்டுவதில்லை. எனினும், மறுக்கப் புகுந்தவர் முதலிற் கற்றார். கற்றதனைப் பிறர் சரிபார்க்குமாறு எழுதிவைத்தார். அவர்தம் மறுப்புக்கள் இன்று மங்கின. அன்று சோழநாட்டுக் கடற்கரையில் எவ்வேடுகள் வழங்கின என்பதற்கு அவ்வட்டவணையே சான்றாய் நிற்கின்றது.

யாமும் இளமையிற் பல ஏடுகளைப் பயின்றேம், ஒன்றுக்கேனும் குறிப்பெழுதிவைத்திலேம். அவற்றுட் சிலவற்றின் பெயர்தானும் இப்பொழுது நினைவிற்கு வருகின்றிலது. ஏடுகளோ செல்லுக்கு இரையாயின. ஆதலின் ஆராய்ச்சி தொடங்கும் இளைஞர், கற்ற அன்றே குறித்துவைப்பாராக.