ஒலிம்பிக் பதக்கமே வாங்காத கர்ணி சிங் பெயரில் ஷூட்டிங் ரேஞ்ச்: யார் இவர்?

டெல்லியில் துப்பாக்கி சுடுதல் போட்டி என்றாலே ‘கர்ணி சிங் ரேஞ்ச்’னு செய்தியில் வருமே, அந்தக் கர்ணி சிங் பிகானேர் மகாராஜா. செயின்ட் ஸ்டீபன்ஸ், செயின்ட் சேவியர்ஸ் கல்லூரிகளில் படித்தவர். 1952 முதல் 1977 வரை எம்.பி.

அரண்மனைப் பிள்ளை, தோட்டாவுக்குப் பஞ்சமில்லைதான். ஆனா சீறிப் பறக்கும் களிமண் தட்டுக்கு ராஜா, கூஜா எல்லாம் ஒண்ணுதான்!

1961-ல் அர்ஜுனா விருது. ஷூட்டிங்கில் அதை வாங்கிய முதல் ஆள். அடுத்த வருஷமே கெய்ரோ உலக சாம்பியன்ஷிப், ‘ட்ராப்’ பிரிவில் முதலிடத்துக்குச் சமநிலை. ஷூட்-ஆஃபில் தங்கம் நழுவி, வெள்ளி கிடைத்தது.

ஒலிம்பிக்? 1960 ரோம் தொடங்கி ஐந்து முறை போனார். ஐந்து ஒலிம்பிக்கில் களமிறங்கிய முதல் இந்தியர். கடைசியா 1980 மாஸ்கோவில் இறங்கியபோது வயது 56. ஒருமுறைகூடப் பதக்கம் இல்லை.

1988-ல் காலமானார். ஷூட்டிங்கில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம் 2004-ல்தான் வந்தது. வென்ற ராஜ்யவர்தன் சிங் ரத்தோரும் ராஜஸ்தான்காரர், அவர் குறிவைத்ததும் களிமண் தட்டைத்தான்.